வால்வை மூடிட்டு பிரஷர் போட்டா என்னங்க தப்பு?

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஹைட்ரோ டெஸ்ட் (பைப் லைன்ல தண்ணி நிரப்பி பிரஷர் ஏத்தி கசிவு பாக்கறது) பத்தித்தான். அதுலயும் சண்டைக் கடிதம்தான் நிறைய. வால்வு யாரால கெட்டுச்சு, கேஜ் ஏன் இறங்குச்சு, யார் பண்ணது தப்பு, இப்படி. அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் ஓரமா வச்சுட்டு இதையே எடுத்துக்கலாம்.

கேள்வி: அண்ணே, 6 இன்ச் லைன், டிசைன் பிரஷர் 18 பார், 27 பார்ல டெஸ்ட் போட்டோம். ஒரு முனைல போட பிளைண்ட் (முனையை அடைக்கற ஓட்டையில்லாத தகடு) இல்ல. அங்க ஏற்கனவே மாட்டியிருந்த கிளாஸ் 150 கேட் வால்வை நல்லா இறுக்கி மூடிட்டு அதையே முனையா வச்சு பிரஷர் ஏத்திட்டோம். நின்னுச்சு, ஒரு ஜாயின்ட்லயும் கசிவு இல்ல, எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு. இப்ப லைன் ஓட ஆரம்பிச்சதும் அந்த வால்வு பாஸ் ஆகுது (மூடினாலும் உள்ள கசியுது). சப்ளையர் மாத்தித் தரணும்னு கம்பெனி சொல்லுது, நீங்கதான் கெடுத்தீங்கன்னு சப்ளையர் சொல்றார். 27 பார் தாங்குன வால்வு 18 பார்ல எப்படிண்ணே பாஸ் ஆகும்? - ஒரு சைட் சூப்பர்வைசர்

பதில்: தம்பி, கோவிச்சுக்காதீங்க, சப்ளையர் பக்கம்தான் நியாயம் கொஞ்சம் கூட இருக்கு.

வால்வுக்கு ஒரு பிரஷர் இல்ல, ரெண்டு பிரஷர். பாடி தாங்குறது ஒண்ணு, மூடின சீட் (வால்வை அடைக்கற தகடு போய் உக்கார்ற வளையம்) தாங்குறது இன்னொண்ணு. சாதாரண கார்பன் ஸ்டீல் கிளாஸ் 150 வால்வோட ரேட்டிங் 38 டிகிரி வரைக்கும் 19.6 பார். ஃபேக்டரியில பாடி டெஸ்ட் பண்றப்ப வால்வை பாதி திறந்து வச்சு இதோட 1.5 மடங்கு போடுவாங்க, அது 29.4, ரவுண்டு பண்ணி 30 பார். ஆனா மூடி வச்சு சீட்டை டெஸ்ட் பண்றப்ப 1.1 மடங்குதான், அதாவது 22 பார் பக்கம். நீங்க மூடின வால்வுக்கு ஒரு பக்கம் 27 பார், இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்லாம வச்சிருக்கீங்க. பாடிக்கு அது ஜுஜுபி, சீட்டுக்கு அது யாருமே உத்தரவாதம் தராத பிரஷர். வால்வு திறந்து இருந்திருந்தா இதே 27 பார் ரெண்டு பக்கமும் சமமா நின்னிருக்கும், வெட்ஜ் (அந்த அடைக்கற தகடு) மேல ஒரு பாரமும் விழுந்திருக்காது.

அதோட இன்னொண்ணு கேக்கறேன், மனசுல வச்சுக்காம சொல்லுங்க. மூடுறப்ப சொட்டு நிக்கலன்னு வீல்ல பைப் மாட்டி ரெண்டு பேர் தொங்கினீங்களா? கடிதத்துல நல்லா இறுக்கின்னு எழுதியிருக்கீங்களே, அந்த ‘நல்லா’ல தான் எனக்கு சந்தேகம். புது லைன்ல வெல்டிங் கசடு, கிரைண்டிங் தூள், மண்ணு எல்லாம் இருக்கும், ஃப்ளஷிங் (தண்ணி விட்டு அலசறது) சரியா பண்ணலன்னா அது போய் உக்கார்ற இடம் கேட் வால்வோட அடிப்பள்ளம்தான், அது மேல வெட்ஜை வச்சு நெம்பினா சீட் ரிங்ல கோடு விழாம என்ன பண்ணும்.

சரி இப்ப என்ன பண்ணலாம். முதல்ல எவ்ளோ பாஸ் ஆகுதுன்னு அளங்க, ‘பாஸ் ஆகுது’ன்னு மொட்டையா சொல்லி சண்டை போடாதீங்க. வால்வு டெஸ்ட்டுக்கான ஏபிஐ 598 ஸ்டாண்டர்டு படி மெட்டல் சீட் கேட் வால்வு இரண்டரை இன்ச்ல இருந்து 6 இன்ச் வரைக்கும் தண்ணி டெஸ்ட்ல நிமிஷத்துக்கு 12 சொட்டு வரைக்கும் விடலாம். சாஃப்ட் சீட்டா இருந்தா ஒரு சொட்டும் ஆகாது. வால்வை நாலஞ்சு தடவை லேசா திறந்து மூடி தண்ணி வேகத்துல கசடு அடிச்சுட்டுப் போகுதான்னு பாருங்க, பல சமயம் இதுலயே சரியாயிடும். அப்பவும் நிக்கலன்னா கழட்டி சீட்டைப் பாத்து லேப்பிங் போடணும் (தேய்ச்சு மட்டமாக்கறது). கழட்டுறப்ப சப்ளையர் ஆளையும் கூட நிக்க வச்சுக்குங்க, கோடு விழுந்திருக்கா இல்ல காஸ்டிங்லயே கோளாறான்னு ரெண்டு பேர் கண்ணாலயும் பாத்துட்டா பாதி சண்டை அங்கயே முடிஞ்சிடும்.

அடுத்த தடவை முனைக்கு டம்மி பிளேட்டோ பிளைண்ட் ஃபிளேஞ்சோ போடுங்க. சீட்டு கெடறது மட்டும் காரணம் இல்ல. வீல் இருக்கற எதையும் எவனாவது வந்து திருப்புவான், 27 பார் நிக்குதுன்னு அவனுக்குத் தெரியாது. பிளைண்டை யாரும் தெரியாம திறந்துட முடியாது.

கேள்வி: சார், நீளமான ஸ்டீல் லைன், பெரும்பகுதி மண்ணுக்குள்ள, கொஞ்சம் வெளியில. சாயங்காலம் 24 பார்ல நிறுத்தினோம். காலைல 16. மதியம் பாத்தா யாரும் பம்ப் பக்கமே போகல, 25 காட்டுது! கேஜ் கெட்டுப் போச்சா, இல்ல எங்களுக்குப் பேய் புடிச்சிருக்கா?

பதில்: கேஜும் நல்லா இருக்கு, பேயும் இல்ல. சூரியன்தான்.

தண்ணி சூடானா விரியும், பைப்பும் விரியும், ஆனா தண்ணி அளவுக்கு பைப் விரியாது. மூடி அடைச்ச லைன்ல அந்த வித்தியாசம் எங்க போகும், பிரஷராத்தான் ஏறும். 30 டிகிரி பக்கத்துல முழுக்க தண்ணி நிரம்பின ஸ்டீல் பைப்ல தண்ணியோட சூடு ஒரே ஒரு டிகிரி மாறினா பிரஷர் சுமாரா 4 பார் மாறும், பைப் தடிமனைப் பொறுத்து கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். உங்களுக்கு ராத்திரி 8 பார் இறங்கியிருக்கு, அதாவது வெறும் 2 டிகிரி. முழுக்க வெளியில கிடக்கற லைனா இருந்திருந்தா காலைல கேஜ் பூஜ்யத்துல நின்னாக் கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கசிவுக்கும் சூட்டுக்கும் வித்தியாசம் இதுதான்: கசிவு ஒரு வழிப் பாதை, போனது திரும்பாது. சூடு திரும்பி வரும். அதனால பைப் மேல தெர்மாமீட்டர் கட்டுங்க, வெளிக்காத்து சூடு இல்ல, பைப்போட சூடு, மண்ணுக்குள்ள இருக்கற பகுதிக்கும் ஒண்ணு வேணும். மணிக்கு ஒரு தடவை பிரஷரையும் சூட்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. மறுநாள் அதே சூடு வர்றப்ப அதே பிரஷர் வந்துச்சுன்னா லைன் டைட். வரலன்னா தேட ஆரம்பிங்க.

நீங்க கவனிக்காம விட்ட ஒண்ணு இருக்கு. இறங்கினதுக்கு பயந்தீங்க, ஆனா 24ல இருந்து 25 ஏறினதுக்குத்தான் பயப்படணும். நல்ல வெயில் நாளா இருந்தா அது 35க்குப் போயிருக்கும், நடுவுல ஒரு வால்வு மூடியிருந்தா அதோட கதி என்ன? டெஸ்ட்ல இருக்கற லைன்ல ஒரு ரிலீஃப் வால்வு கட்டாயம் வேணும், பிரஷரோட லைனை விட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போறதும் கூடாது, ஒரு ஆளாவது பக்கத்துல இருக்கணும்.

ஒரு ஆறுதலும் சொல்லிடறேன். 2 டிகிரிக்கு இவ்ளோ ஆடுதுன்னா உங்க லைன்ல காத்து அதிகம் மாட்டிக்கல. உள்ள காத்து இருந்தா அது ஸ்பஞ்சு மாதிரி அமுங்கிக் குடுக்கும், பிரஷர் இப்படி துள்ளாது. பம்ப் அடிக்கறப்பவே இதைக் கண்டுபிடிக்கலாம், காத்து இல்லாத லைன்ல ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் முள்ளு சமமா ஏறும், காத்து இருந்தா அடிச்சுக்கிட்டே இருப்பீங்க முள்ளு சோம்பேறியா கிடக்கும்.

பிளான்ட்டுக்குள்ள இருக்கற பைப்பிங்கா இருந்தா இவ்ளோ தலைவலி இல்ல. ஏஎஸ்எம்இ பி31.3ங்கற பைப்பிங் கோட் கேக்கறது டெஸ்ட் பிரஷர்ல குறைஞ்சது 10 நிமிஷம், அப்பறம் ஒவ்வொரு ஜாயின்ட்டா கண்ணால பாக்கறது. அங்க கண்ணுதான் நீதிபதி, கேஜ் சாட்சி. மண்ணுல புதைச்ச லைன்ல கண்ணுக்கு வேலை இல்லாததாலதான் மணிக்கணக்கா கேஜைப் பாத்து உக்கார வேண்டியிருக்கு.

கேள்வி: பால் வால்வை டெஸ்ட்ல திறந்து வைக்கணுமா, மூடி வைக்கணுமா? ஒவ்வொரு இன்ஸ்பெக்டரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

பதில்: ஃப்ளஷிங்ல முழுசா திற, டெஸ்ட்ல பாதி திற. அவ்வளவுதான்.

ஏன்னு கேட்டா, முழுசா திறந்தாலும் முழுசா மூடினாலும் பாலுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற இடம் தனி அறை மாதிரி அடைபட்டுடும், அதுக்குள்ள இருக்கற காத்து வெளிய வராது, பிரஷரும் ஒழுங்கா போய்ச் சேராது, அப்பறம் பாடி ஜாயின்ட்டையும் ஸ்பிண்டில் (வால்வைத் திருப்பற தண்டு) சீலையும் டெஸ்ட் பண்ணேன்னு எப்படிச் சொல்ல முடியும். பாதி திறந்தா எல்லா இடமும் ஒரே பிரஷர். ஃப்ளஷிங்ல மட்டும் பாதி திறப்பு வேணவே வேணாம், மண்ணும் கசடும் நேரா சாஃப்ட் சீட்டோட விளிம்புல அடிச்சு கிழிச்சிடும். தண்ணி இறக்கறப்பவும் பாதி திறந்து வச்சு இறக்குங்க, பாடில டிரெயின் பிளக் இருந்தா அதையும் திறங்க. அந்த அறைக்குள்ள நின்னுபோன தண்ணி பின்னாடி சூடாகி அடைபட்ட இடத்துல என்ன பண்ணும்னு மேல சூரியன் கதையில பாத்தாச்சு.

கேள்வி: என்ஆர்வி (ஒரு பக்கமா மட்டும் விடற வால்வு), கண்ட்ரோல் வால்வு, சேஃப்டி வால்வு எல்லாம் மாட்டினபடியே டெஸ்ட் போடலாமா?

பதில்: என்ஆர்வி இருக்கலாம், ஆனா அது திறக்கற திசையில இருந்து தண்ணியும் பிரஷரும் வரணும். தப்புப் பக்கத்துல இருந்து ஏத்தினா அதுவே மூடின வால்வாயிடும், முதல் கேள்வியோட கதைதான். திசை ஒத்து வரலன்னா உள்ள இருக்கற டிஸ்க்கைக் கழட்டி வச்சுட்டு அப்பறம் மாட்டுங்க, மாட்ட மறந்துடாதீங்க, மறந்தவங்களை எனக்குத் தெரியும். கண்ட்ரோல் வால்வுக்குப் பதில் அதே நீளத்துல ஒரு ஸ்பூல் (பைப் துண்டு). சேஃப்டி வால்வைக் கழட்டிட்டு பிளைண்ட். கழட்ட முடியாம டெஸ்ட் கேக் (gag, சேஃப்டி வால்வு திறக்காம பிடிச்சு வைக்கற ஸ்க்ரூ) போட்டு அமுக்கி வச்சீங்கன்னா, டெஸ்ட் முடிஞ்சதும் முதல் வேலை அந்த கேக்கை எடுக்கறது. அது அப்படியே இருந்தா அந்த லைனுக்கு சேஃப்டி வால்வே இல்லன்னு அர்த்தம், பாக்கறவனுக்கோ வால்வு இருக்கற மாதிரியே தெரியும்.

கேள்வி: அண்ணே, எங்க சைட்ல தண்ணி கஷ்டம். கம்ப்ரஸர் சும்மா நிக்குது. காத்து புடிச்சு 10 பார்ல டெஸ்ட் போட்டா வேலை சீக்கிரம் முடியும், பைப் காயவைக்கற தொல்லையும் இல்ல. இன்ஜினியர் ஒத்துக்க மாட்டேங்கறார். 10 பார்னா 10 பார்தானே, தண்ணியா இருந்தா என்ன, காத்தா இருந்தா என்ன?

பதில்: உங்க இன்ஜினியருக்கு என் சார்பா ஒரு வணக்கம் சொல்லிடுங்க.

கேஜ்ல ரெண்டும் 10தான். உள்ள தேங்கி நிக்கற சக்திதான் வேற வேற. ஒரு கன மீட்டர் எடுத்துக்குங்க, 12 இன்ச் பைப்ல ஏறக்குறைய 14 மீட்டர் நீளம். அதுல தண்ணி நிரப்பி 10 பார் ஏத்தினா அந்த ஆயிரம் லிட்டரும் அரை லிட்டர்தான் அமுங்கும். அதுல தேங்கற சக்தி 230 ஜூல் சொச்சம், 20 சொச்சம் கிலோ எடையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கற வேலை. எங்கயாவது விட்டுச்சுன்னா ‘ப்ச்’னு ஒரு பீச்சல், பிரஷர் பூஜ்யம், முடிஞ்சது. அதே இடத்துல 10 பார் காத்தை அடைச்சா 13 லட்சம் ஜூலுக்கு மேல போகும். ஒரு டன் எடை காரை 130 மீட்டர் உயரத்துக்குத் தூக்கற சக்தி, டிஎன்டி வெடிமருந்து கணக்குல கிட்டத்தட்ட 300 கிராம். பைப் கிழிஞ்சாலும் காத்து சட்டுனு நிக்காது, விரிஞ்சுக்கிட்டே தள்ளும். கிழிசலும் ஓடிக்கிட்டே இருக்கும்.

நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு சைட்ல சின்ன லைன்தானேன்னு காத்துல டெஸ்ட் போட்டாங்க. ரெண்டு இன்ச் பிளக், மரை சரியா பிடிக்கல. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு, திரும்பிப் பாக்கறதுக்குள்ள பிளக் ஷெட்டோட தகரத்தைத் துளைச்சுட்டுப் போயிடுச்சு. சாப்பாட்டு நேரம், பக்கத்துல யாரும் இல்ல, அதனாலதான் இதைக் கதையா உங்களுக்கு எழுதறேன்.

காத்து டெஸ்ட்டே கூடாதுன்னு நான் சொல்லல. தண்ணி துளியும் ஆகாத லைன் இருக்கு, தண்ணியோட எடையைத் தாங்காத சப்போர்ட் இருக்கு (12 இன்ச்ல மீட்டருக்கு 73 கிலோ தண்ணி, கேஸ் லைனுக்குன்னு போட்ட சப்போர்ட் அதைத் தாங்குமான்னு யோசிங்க), அங்கெல்லாம் காத்துதான். ஆனா அதுக்கு முறை வேற. பி31.3ல தண்ணிக்கு 1.5 மடங்குன்னா காத்துக்கு 1.1 மடங்குல இருந்துதான் கணக்கு. ஒரே மூச்சுல ஏத்தக்கூடாது. முதல்ல டெஸ்ட் பிரஷர்ல பாதி, இல்லன்னா 1.7 பார், ரெண்டுல எது கம்மியோ அங்க நிறுத்தி ஜாயின்ட் எல்லாம் பாக்கணும், அப்பறம் படிப்படியா ஏத்தி ஒவ்வொரு படிலயும் நிறுத்தணும். ஏத்தறப்ப யாரும் கிட்ட நிக்கக்கூடாது. டெஸ்ட் பிரஷர் முடிஞ்சு டிசைன் பிரஷருக்கு இறக்கினதுக்கு அப்பறம்தான் சோப்புத் தண்ணியோட போகணும். தண்ணியை விட சீக்கிரம் முடியும்னு நினைச்சுத்தானே கேட்டீங்க, ஒழுங்கா பண்ணா சீக்கிரம் முடியாது.

பிவிசி லைனா இருந்தா இந்தப் பேச்சே வேணாம். பிவிசிக்கு காத்து டெஸ்ட் கிடையவே கிடையாது. அது ஸ்டீல் மாதிரி கிழியாது, கண்ணாடி மாதிரி சிதறும்.

கேள்வி: டெஸ்ட் பிரஷர் 12 பார். ஸ்டோர்ல 0-100 பார் கேஜ்தான் இருக்கு. போதுமா?

பதில்: போதாது. 100 பார் கேஜ்ல 1 பார் இறங்கினா முள்ளு அசைஞ்சதே தெரியாது. டெஸ்ட் பிரஷரைப் போல ரெண்டு மடங்கு ரேஞ்ச் இருந்தா நல்லது, ஒன்றரைக்குக் கீழயும் நாலு மடங்குக்கு மேலயும் வேணாம். உங்களுக்கு 0-25 சரியா இருக்கும். ரெண்டு கேஜ் போடுங்க, கேலிப்ரேஷன் தேதி பாத்துக்குங்க. கேஜ் எங்க வைக்கறீங்கன்னும் பாருங்க, 30 மீட்டர் உயரமான ரைசர்னா மேலயும் கீழயும் 3 பார் வித்தியாசம். மேல இருக்கற ஜாயின்ட்டுக்கு 12 வேணும்னா கீழ 15 ஆயிடும், கீழ இருக்கற வால்வு அதைத் தாங்குமான்னு முன்னாடியே கணக்குப் போட்டுக்கணும்.

கேள்வி: வெல்டு எல்லாம் ஓகே, ஃபிளேஞ்ச் ஓகே, ஆனா ரெண்டு கேட் வால்வுல கிளாண்ட் (ஸ்பிண்டிலைச் சுத்தி பேக்கிங் வச்ச இடம்) வழியா சொட்டுது. இன்ஸ்பெக்டர் டெஸ்ட் ஃபெயில்ங்கறார். ஃபிட்டர் பிரஷர்லயே ரெண்டு சுத்து இறுக்கினா நின்னுடும்ங்கறான். என்ன பண்ண?

பதில்: ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுக்கணும்.

கிளாண்ட்ல சொட்டறதால பைப் கெட்டுப் போச்சுன்னு ஆகாது. பேக்கிங் ஸ்டோர்ல ரொம்ப நாள் கிடந்தா காஞ்சு சுருங்கியிருக்கும், இல்லன்னா ஃபேக்டரியிலயே நட்டு லேசாத்தான் இறுக்கியிருப்பாங்க. பிரஷரை இறக்கிட்டு ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி கால் சுத்து கால் சுத்தா இறுக்கி, ஸ்பிண்டில் சுலபமா சுத்துதான்னு பாத்துட்டு மறுபடி ஏத்துங்க. இதைச் செஞ்சதை ரிப்போர்ட்ல எழுதிடுங்க, மறைக்க இதுல ஒண்ணும் இல்ல. பிரஷர் நிக்கறப்ப எதையும் இறுக்க வேணாம், முக்கியமா பானெட் (வால்வோட மேல்மூடி) போல்ட். பழைய போல்ட் ஒண்ணு இறுக்கறப்பதான் அறும்னு எல்லா ஃபிட்டருக்கும் தெரியும், ஆனா அது தன் கையில நடக்காதுன்னு நினைப்பாங்க.

உங்க ஃபிட்டர் கெட்டிக்காரனா இருந்தா இன்னொரு வேலையும் பண்ணுவான், ஜாக்கிரதை. கேட் வால்வை முழுசா திறந்து கடைசி வரைக்கும் இறுக்கினா ஸ்பிண்டில் உள்பக்கமா பேக்சீட்ல போய் உக்காந்துடும், கிளாண்டுக்கு பிரஷரே வராது, சொட்டு நின்னுடும். எல்லாரும் ‘ஆஹா’ம்பாங்க. அங்க பேக்கிங் டெஸ்ட்டே ஆகல. அதனால முழுசா திறந்துட்டு ஒரு அரை சுத்து திரும்ப மூடி வைங்க, அப்பதான் கிளாண்டோட உண்மையான நிலவரம் தெரியும்.

கேள்வி: ஹைட்ரோ டெஸ்ட் நடக்கறப்ப ஜாயின்ட் பாக்க ட்ரெய்னிகளை அனுப்பறாங்க. நாங்க எங்க நிக்கணும்னு யாரும் சொல்லித் தரல.

பதில்: பிரஷர் ஏத்தி முடிச்சு நிக்கற வரைக்கும் எங்கயும் நிக்காதீங்க, கயிறு கட்டின எல்லைக்கு வெளிய இருங்க. அப்பறம் போறப்பவும் பிளைண்டுக்கு நேரா, எண்ட் கேப்புக்கு நேரா, வென்ட் (காத்தை வெளிய விடற) பிளக்குக்கு மேல குனிஞ்சு, இந்த மூணும் கூடாது. பக்கவாட்டுல நின்னு பாருங்க. தண்ணி டெஸ்ட்டுதானேன்னு சொல்லி உங்களை நேரா நிக்க வச்சா, உள்ள காத்து எல்லாத்தையும் வென்ட் பண்ணிட்டாங்களான்னு கேளுங்க. பாதி காத்து மாட்டின தண்ணி டெஸ்ட், பாதி காத்து டெஸ்ட்தான்.

கேள்வி: டெஸ்ட் பாஸ். தண்ணியை அப்படியே விட்டுட்டு ரெண்டு மாசம் கழிச்சு கமிஷனிங்ல இறக்கிக்கலாமா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைன், துரு பிடிக்காதுல்ல?

பதில்: துரு பிடிக்காது, ஓட்டை விழும். தண்ணில இருக்கற குளோரைடு ஸ்டெயின்லெஸுக்கு எதிரி, அதனாலதான் டெஸ்ட் தண்ணிக்கே 50 பிபிஎம்னு வரம்பு வைக்கறது வழக்கம். நின்ன தண்ணி மெல்ல ஆவியாக ஆக மிச்சத்துல குளோரைடு கெட்டியாகும், பள்ளத்துலயும் வால்வு அடிப்பாடிலயும் புள்ளி புள்ளியா அரிக்கும். அன்னிக்கே இறக்கி காத்தடிச்சு காய வைங்க, வால்வு பாடில நிக்கற தண்ணியையும் சேத்து.

இறக்கறப்ப முதல்ல மேல இருக்கற வென்ட்டைத் திறங்க, அப்பறம் கீழ டிரெயின். மாத்தி பண்ணா உள்ள வேக்கம் பிடிச்சு மெல்லிசான பெரிய பைப்பும், லைனோட சேந்திருக்கற டேங்க்கும் உள்பக்கமா ஒடுங்கிடும், 27 பார் தாங்கின அதே லைன்.